ட்வைலா வீட்டிலிருந்து வந்த அழைப்புகள்

ட்வைலா ரென்னர் கறுப்பா சிவப்பா என்று தெரிவதற்கு முன்பே அவள் வீட்டுத் தொலைபேசி எனக்குப் பழக்கமாகிவிட்டது. நான்கு நாட்களுக்குள் ஐந்து முறை அங்கிருந்து அழைப்பு வந்தது. நான்கு முறை யாரும் பேசவில்லை. ஐந்தாவது முறை பேசிய குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

அது 1996 அக்டோபர். எங்கள் கவுண்டியின் போலீஸான ஷெரிஃப் அலுவலகத்தில், ஆபத்தில் உதவி கேட்டு வரும் 911 அழைப்புகளை எடுப்பதுதான் என் வேலை. அப்போது எனக்கு அதில் பதினோராவது வருஷம். கோர்ட் கட்டடத்தின் அடித்தளத்தில் சன்னல் இல்லாத ஓர் அறை. பகலில் நான் ஒருத்திதான். சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கின் அறுவடை உச்சத்தில் இருந்தது. சாலையெல்லாம் லாரிகள் சிந்திய சேறு. தினமும் ஏதாவது ஒரு லாரி பள்ளத்தில் இறங்கும். அழைப்புகளுக்குக் குறைவில்லை.

திங்கட்கிழமை மாலை நாலு மணி பத்து நிமிஷத்துக்கு அந்த அழைப்பு வந்தது. திரையில் பெயரும் முகவரியும் எழுந்தன: டி. ரென்னர், கவுண்டி சாலை பதினான்கு.

"911, என்ன ஆபத்து?" என்றேன்.

பதில் இல்லை. இரைச்சல், அழுகை, மூச்சு, பின்னால் ஒரு தொலைக்காட்சி, எதுவுமே இல்லை. ஆனால் இணைப்பு உயிரோடு இருந்தது. அது எனக்குக் காதிலேயே தெரியும். ஒருவர் அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது போன்ற மௌனம். ஒரு நிமிஷம் கழித்துத் தானாக அறுந்தது.

விதிப்படி திரும்ப அழைத்தேன். பன்னிரண்டு முறை மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. நான் வைத்ததும் அதே முகவரியிலிருந்து மறுபடி அழைப்பு. மறுபடி அதே மௌனம்.

போலீஸ் வானொலியில் ஆர்லனைக் கூப்பிட்டேன். ஆர்லன் குவாம் எங்கள் துணை ஷெரிஃப். ஆறரை அடி உயரம், பேச்சு மட்டும் அரை அடி.

"பதினாலாம் ரோட்டுல அந்த பழைய லின்ட்ஸ்டாட் வீடு. ரெண்டு தடவ வந்துச்சு. யாரும் பேசல. கூப்பிட்டா எடுக்கல," என்றேன்.

"அது காலி வீடாச்சே."

"காலி வீடு போன் பண்ணாது ஆர்லன். போய்ப் பாரு."

அரை மணி நேரத்தில் திரும்பிப் பேசினான். ஒரு பெண் கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் இடுக்கு வழியாகப் பேசியிருக்கிறாள். தான் அழைக்கவில்லை என்றாள். பெயர் ட்வைலா, வீட்டில் தான் மட்டும்தான் என்றாள். மணி அடித்ததே, ஏன் எடுக்கவில்லை என்று கேட்டதற்கு, "நான் போன் எடுக்கறதில்ல" என்று சொல்லியிருக்கிறாள்.

"எப்படி இருந்தா?" என்று கேட்டேன்.

"முகம் வெளுத்துப் போயிருந்துச்சு. என்னப் பாக்கல மார்லிஸ். எனக்குப் பின்னாடி என் காரத்தான் பாத்துக்கிட்டே இருந்தா. வேற யாரு இறங்கப் போறான்னு பாக்கற மாதிரி."

அன்று வீட்டுக்குப் போன பிறகும் அது என்னை விடவில்லை. மூன்று வருஷம் முன்னால் ஒரு பண்ணை வீட்டிலிருந்து இப்படித்தான் மௌனமாக ஓர் அழைப்பு வந்தது. திரும்ப அழைத்தபோது ஓர் ஆண் எடுத்து, குழந்தை போனை நோண்டிவிட்டது என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான். நான் நம்பினேன். அந்த வீட்டில் குழந்தையே கிடையாது என்பது மறுநாள் ஆம்புலன்ஸ் போனபோதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு மௌனமான அழைப்பு எதையும் நான் சும்மா விட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை அதே நாலு மணி வாக்கில் மறுபடி இரண்டு அழைப்பு. இந்த முறை ஆர்லன் உள்ளே வந்து பார்த்தே ஆக வேண்டும் என்று நின்றுவிட்டான். அவள் சங்கிலியைக் கழற்றினாள். மூன்று அறை. ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு கோப்பை. சமையலறை மேசையில் ஒரு மடிக் கணினியும், காலால் மிதித்து ஓட்டும் ஒலிநாடாக் கருவியும். சன்னல் எல்லாவற்றிலும் போர்வை ஆணியடித்திருந்தது. கதவோரம் சாத்திவைத்த ஒரு சிறு துப்பாக்கி. கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், நிலவறையில், எங்கும் ஆள் இல்லை.

அவன் கிளம்பும்போது அவள் கேட்டாளாம்.

"என் நம்பர் டைரக்டரியில இல்ல. போட வேண்டாம்னு நான் தனியா பணம் கட்டியிருக்கேன். நீங்க எப்படி இந்த வீட்டுக்கு வந்தீங்க?"

"911க்கு வந்தா எங்க திரையில விலாசம் தானா வந்துரும் மேடம்."

"யார் வேணா அந்தத் திரையைப் பாக்கலாமா?"

"இல்ல, மார்லிஸ் மட்டும்தான்."

பிறகு மெல்லிய குரலில், இது பேப்பரில் வருமா என்று கேட்டிருக்கிறாள். எங்கள் ஊர் வாராந்திரப் பத்திரிகையில் ஷெரிஃப் குறிப்பேட்டை அப்படியே போடுவார்கள். யார் மாடு வேலி தாண்டியது, யார் வீட்டுக்குப் போலீஸ் போனது, எல்லாம் பெயரோடு வரும். எல்லோரும் முதலில் படிப்பதும் அதைத்தான்.

அன்றைக்கு நான் இரண்டு காரியம் செய்தேன். பத்திரிகைக்குப் போகும் தாளில் ரென்னர் என்று இருந்த வரிகளை அடித்துவிட்டேன். அதைச் செய்ய எனக்கு அதிகாரம் கிடையாது. அடுத்து, தொலைபேசி நிறுவனத்துக்கு அழைத்தேன். மழை பெய்து கம்பியில் நீர் இறங்கினால் சில நேரம் லைன் தானாகவே கண்டபடி எண் போடும். முந்தின வாரம் நல்ல மழை. ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். அறுவடை நேரம், ஆள் கிடையாது, அடுத்த திங்கட்கிழமைதான் என்றார்கள். சரி என்று வைத்துவிட்டேன்.

அந்தப் பெண்ணின் கதை எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. என்றாலும் அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ட்வைலா மேற்கே மொன்டானா மாநிலத்துக்காரி. வயது முப்பத்து நான்கு. தட்டச்சில் அவள் விரல் போகும் வேகத்துக்குக் கண் போகாது. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் ஒலிநாடாவில் சொல்லி வைப்பதைக் கேட்டு அறிக்கையாக அடிக்கும் வேலை. ராய்ஸ் ஹோல்கம் என்பவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். எட்டு வருஷம். அவளது இடது காது பாதிதான் கேட்கும்; அது அவன் கொடுத்தது. இரண்டு முறை ஓடிப்போனாள். இரண்டு முறையும் கண்டுபிடித்துவிட்டான். இரண்டாவது முறை அவள் தங்கைகளில் ஒருத்தி வீட்டில் ஒளிந்திருந்தாள்; எந்தத் தங்கை என்று அவனுக்குத் தெரியாது. மூன்று தங்கைகளின் வீட்டுக்கும் ஒவ்வொன்றாகப் போலீஸை வரவழைத்தான். அங்கே சண்டை நடக்கிறது, யாரோ அடிபடுகிறார்கள் என்று பொதுத் தொலைபேசியிலிருந்து சொல்லிவிட்டு, தெருமுனையில் காரில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். போலீஸ் கதவைத் தட்டியதும் எந்த வீட்டில் அவள் வெளியே வந்து நிற்கிறாள் என்று பார்த்துக்கொண்டான்.

ஆர்லன் வந்து கதவைத் தட்டியபோது அவள் ஏன் அவன் காரையே பார்த்தாள் என்பது இதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மூன்றாவது முறை பிப்ரவரி மாதத்தில் கிளம்பினாள். தன் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரான ரென்னரை வைத்துக்கொண்டாள். எங்கள் பக்கம் அவளுக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. வந்ததற்கு அதுதான் காரணம். லின்ட்ஸ்டாட் கிழவர் பேர் ஊர் கேட்காமல் வீட்டை வாடகைக்கு விட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கம், அடுத்த மாநிலமான வடக்கு டக்கோட்டாவில், ஒரு கிளினிக்கில் வீட்டிலிருந்தே தட்டச்சு செய்யும் வேலை கிடைத்தது. வாரத்துக்கு இரண்டு முறை போய் நாடாக்களை வாங்கிவந்து, அடித்து முடித்ததைக் கணினி வட்டில் பதிந்து கொடுத்துவிட்டு வருவாள். பனிக்காலத்தில் அந்தச் சாலையில் போய்வருவது கஷ்டம் என்று கிளினிக் அக்டோபரில் அவளுக்கு மோடம் உள்ள கணினி ஒன்றைக் கொடுத்தது. இனிமேல் அறிக்கைகளைத் தொலைபேசி வழியாகவே அனுப்பிவிடலாம், வெளியே வர வேண்டியதில்லை. அவளுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்.

புதன்கிழமை அழைப்பு எதுவும் வரவில்லை. லைன் காய்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை நாலு மணிக்குச் சற்று முன்னால் மணி அடித்தது. டி. ரென்னர், கவுண்டி சாலை பதினான்கு.

"911, என்ன ஆபத்து?"

அதே மௌனம்.

எனக்கு என்ன தோன்றியதோ, இந்த முறை பேசிக்கொண்டே இருப்பது என்று முடிவு செய்தேன். "ட்வைலா, நான் மார்லிஸ். பேச முடியலன்னா பேச வேண்டாம். ஏதாவது ஒரு பட்டன அழுத்துங்க. உங்க பக்கத்துல யாராவது நிக்கறாங்களா? நிக்கறாங்கன்னா ஒரு தடவ அழுத்துங்க."

இன்னொரு கையால் ஆர்லனை அழைத்தேன். கவிழ்ந்த பீட் லாரி ஒன்றின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அங்கிருந்து பதினோரு மைல். வண்டியைத் திருப்புகிறேன் என்றான்.

அப்போது 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு மூச்சு. வேகமாக, மேலெழுந்தவாரியாக.

"யாரு?" என்றது ஒரு பெண் குரல். "யாரு இது? நான் இன்னும் நம்பரே போடலியே."

"நான் 911லேருந்து மார்லிஸ். உங்க வீட்டுலேருந்து எனக்குப் போன் வந்திருக்கு."

"இல்ல. நான் பண்ணல. உங்களுக்குப் பண்ணத்தான் இப்ப போனை எடுத்தேன். எடுக்கறதுக்கு முன்னாடியே நீங்க பேசிக்கிட்டு இருக்கீங்க. அவன் லைனுக்குள்ள இருக்கான். எப்படியோ பண்ணிட்டான்."

"யாரு அவன்? ட்வைலா, எதுக்கு எனக்குப் போன் பண்ண நெனச்சீங்க?"

"வெளியில ஒரு ஆள்."

என் பேனா நின்றது. "எங்க?"

"வெள்ள பிக்கப். பேரு எதுவும் போடல. கேட்டுக்கிட்ட நிறுத்திட்டு எறங்கினான். கதவத் தட்டல. நேரா வீட்டுக்குப் பக்கவாட்டுல போயிட்டான். இப்ப சுவத்துல ஏதோ பண்றான். சத்தம் கேக்குது. கேக்குதா உங்களுக்கு?"

எனக்குக் கேட்கவில்லை. வானொலியில் ஆர்லனிடம், "நீ அங்க போயிட்டியா?" என்று கேட்டேன். அவனாக இருக்கட்டும் என்று ஒரு நப்பாசை. "இன்னும் ஒம்போது மைல்," என்றான்.

"ட்வைலா, போனை வைக்காதீங்க. போலீஸ் வந்துக்கிட்டே இருக்கு. அந்த ஆளு எப்படி இருக்கான், உயரமா..."

அத்தோடு லைன் செத்தது. அவள் வைத்துவிட்டால் ஒரு மாதிரி கேட்கும். இது அப்படி இல்லை. வெட்டிவிட்டது போல் இருந்தது.

திரும்ப அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அங்கே அடிக்கிறதா, இங்கே எனக்கு மட்டும் அடிக்கிறதா என்று தெரியாது. ஆர்லனிடம், "வெளியில ஒருத்தன் இருக்கான், கம்பிய அறுத்துட்டான்," என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்காத மாதிரி இருந்தது. சைரன் மட்டும் கேட்டது.

அதன் பிறகு பன்னிரண்டு நிமிஷம். நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தேன். இடையில் ஓர் அழைப்பு வந்தது, பாய்ந்து எடுத்தேன். காய்ந்த புல்லை எரிக்க அனுமதி எங்கே வாங்க வேண்டும் என்று ஒருவர் நிதானமாகக் கேட்டார். அவருக்கு என்ன சொன்னேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. அந்தப் பழைய பண்ணை வீட்டுக்காரனின் சிரிப்புதான் காதில் இருந்தது.

அங்கே நடந்தது இது.

போன் செத்ததும் ட்வைலா துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக இறங்கினாள். செருப்புக்கூடப் போடவில்லை. சுவரை ஒட்டியே நடந்து மூலைக்கு வந்தாள். தொலைபேசிப் பெட்டிக்கு முன்னால் ஓர் ஆள் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தான். கையில் கத்தி மாதிரி ஏதோ மின்னியது. தோள் அகலம் ராய்ஸ் மாதிரியே இருந்தது என்றாள் பிற்பாடு. துப்பாக்கியில் குண்டை ஏற்றினாள். முகத்தைப் பார்க்காமலே சுட்டுவிட வேண்டும், முகத்தைப் பார்த்தால் கை வராது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

ஏற்றும் சத்தம் கேட்டும் அந்த ஆள் அசையவில்லை. கையிலிருந்ததை மெல்லத் தரையில் வைத்தான்.

"அம்மா," என்றான், திரும்பாமலே. "நான் லைன் பாக்கற ஆளு. பேரு டெல்மர். முழங்கால் வலி. எந்திரிக்கச் சொன்னா எந்திரிக்க முடியாது. ஓடச் சொன்னா அதைவிட முடியாது. இப்படியே உக்காந்துக்கட்டுமா?"

கிழட்டுக் குரல். ராய்ஸின் குரல் இல்லை. ஆனாலும் அவள் துப்பாக்கியை இறக்கவில்லை. ஏனென்றால் ராய்ஸ் ஆள் வைத்து அனுப்பவும் கூடியவன்.

"கைய மேல தூக்கு. யாரு அனுப்பினா?"

"கம்பெனிதாம்மா. ஷெரிஃப் ஆபீஸ்லேருந்து ஒரு பொம்பள சொன்னாங்களாம், இந்த லைன் சரியில்லன்னு. திங்கக்கிழம வரணும். இந்தப் பக்கம் வேல சீக்கிரம் முடிஞ்சது, வந்துட்டேன். எனக்கு வேணும் இது."

"பொய் சொல்ற."

"பொய் சொல்றவன் இவ்வளவு சேத்துல உக்காருவானா?"

அவர் நிறுவனத்தின் சொந்த ஆள் இல்லை; அறுவடைக் காலத்தில் கூலிக்கு எடுத்த ஓய்வுபெற்ற தொழிலாளி. அதனால்தான் வண்டியில் பெயர் இல்லை. லைனைச் சோதிக்க வீட்டுக் கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றியிருக்கிறார். அதுதான் என் காதில் அறுந்தது. அவரை அங்கே வரவழைத்தவள் நான். திங்கட்கிழமை என்று சொன்னதால் அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் அது எனக்கு ஒரு கணம்கூட நினைவுக்கு வரவில்லை. அதை நினைத்துத்தான் நான் இன்றும் தூக்கம் கெட்டுக் கிடக்கிறேன். அவள் விரல் கொஞ்சம் அழுந்தியிருந்தால் ஒரு கிழவர் செத்திருப்பார், ஒரு பாவப்பட்ட பெண் சிறைக்குப் போயிருப்பாள், நடுவில் நான்.

டெல்மர் பேசிக்கொண்டே இருந்தாராம். தன் மனைவி செய்யும் கேஸரோல் சாப்பாடு எவ்வளவு மோசம், முழங்காலுக்கு டாக்டர் என்ன சொன்னார், எல்லாம். பேச்சு நின்றால் சுட்டுவிடுவாள் என்று பயம். அவர் தோள் நடுங்குவது அவளுக்குத் தெரிந்தது. ராய்ஸின் தோள் ஒருநாளும் நடுங்கியதில்லை என்று நினைத்துக்கொண்டாளாம்.

ஆர்லன் சைரனை அணைத்துவிட்டு வந்தான். தன் துப்பாக்கியை எடுக்காமல் கைகளை விரித்துக்கொண்டு நடந்தான். "ட்வைலா, அது டெல்மர். எங்கப்பாவோட சீட்டாடுறவரு. சீட்டுல ஏமாத்துவாரு, வேற ஒண்ணும் தெரியாது," என்றான். அவள் அவனையும் டெல்மரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு துப்பாக்கியை அவன் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல, மார்லிஸ்," என்று வானொலியில் கேட்டபோது நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முன் டெல்மர் ஒரு காரியம் செய்தார். வேறொருவராக இருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். இவரோ கம்பியைத் திரும்ப மாட்டி, தன் சோதனைக் கருவியைக் காதில் வைத்துக்கொண்டு, "லைன்ல ஒரு குத்தமும் இல்லியே," என்றார். "உள்ள என்ன மெஷின் வெச்சிருக்கீங்க?"

ட்வைலா கணினியைக் காட்டினாள். அதில்தான் தினமும் நாலு மணிக்கு அறிக்கைகளை அனுப்பப் பார்க்கிறேன், போகவே மாட்டேன் என்கிறது, நேற்றுக்கூட வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன் என்றாள்.

"இப்ப அனுப்புங்க பாப்போம். நான் வெளியில கேக்கறேன்."

அவள் பொத்தானை அழுத்தினாள். டெல்மர் முதல் மூன்று ஒலியைக் கேட்டதும் கையால் கம்பியைத் துண்டித்தார். எண்களின் ஒலி அவருக்கு மனப்பாடம்.

"ஒம்போது. ஒண்ணு. ஒண்ணு," என்றார். "அம்மா, போலீஸக் கூப்பிடறது உங்க மெஷின்தான்."

விஷயம் இவ்வளவுதான். கிளினிக் கட்டடத்தில் வெளி லைன் கிடைக்க முதலில் ஒன்பது போட வேண்டும். கணினியை அங்கே வைத்துத்தான் தயார் செய்தார்கள். அந்த ஒன்பது அதிலேயே தங்கிவிட்டது. கிளினிக்கின் எண்ணை ட்வைலா ஒன்றிலிருந்து தொடங்கி எழுதிவைத்திருந்தாள், வெளிமாநிலத்துக்கு எல்லோரும் போடுவது போல. இணைப்பு கிடைக்கவில்லை. திங்கட்கிழமை அவளே யோசித்து, தூரத்து அழைப்புக்கு ஒன்று சேர்க்கவும் என்று இருந்த கட்டத்திலும் குறி போட்டாள். ஒன்பது, ஒன்று, இன்னொரு ஒன்று. மற்ற எண்களை யார் கேட்கப் போகிறார்கள். எண் போடும்போது மோடம் கூச்சலிட்டால் வாசலில் வண்டிச் சத்தம் கேட்காது என்று அதன் ஒலியையும் அணைத்து வைத்திருந்தாள். இல்லாவிட்டால் முதல் நாளே என் குரல் அவள் சமையலறையில் கேட்டிருக்கும்.

மறுநாள் எனக்கு விடுமுறை. ஆர்லனிடம் வழி கேட்டுக்கொண்டு நானே போனேன். சங்கிலி இடுக்கில் ஒரு கண் தெரிந்தது.

"நான் மார்லிஸ்."

"குரல் தெரியுது," என்றாள். கதவு திறந்தது. மெலிந்த, உயரமான பெண். முன்பல் ஒன்று பொய்ப்பல். எனக்குக் காபி கொடுத்தாள். வீட்டில் இருந்த ஒரே கோப்பையை எனக்குக் கொடுத்துவிட்டு, அவள் ஜாம் பாட்டிலில் ஊற்றிக் குடித்தாள்.

"டெல்மர வரச் சொன்னது நான்தான்," என்றேன். "உங்களுக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்."

"போன் பண்ணியிருந்தாலும் நான் எடுத்திருக்க மாட்டேன்," என்றாள்.

கணினியைச் சரிசெய்ய கிளினிக்கின் கணினிக்காரர் கர்ட் என்பவருக்குப் போன் செய்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"நம்பர முழுசா, ஒரே மாதிரி எழுதணும். முதல்ல ஒரு கூட்டல் குறி. அப்புறம் நாட்டுக்கு ஒண்ணு. அப்புறம் அடைப்புக்குள்ள பகுதி எண். அப்புறம் மிச்ச ஏழு. ஒம்போது, தூரத்துக்கு ஒண்ணு, எதையும் நீங்களா சேக்காதீங்க. நீங்க எங்கேருந்து பேசறீங்கன்னு மெஷின்கிட்ட சொல்லிட்டா, எதச் சேக்கணும், எத விடணும்னு அதுவே பாத்துக்கும். 'எங்கிருந்து'ன்னு ஒரு பக்கம் இருக்கு பாருங்க. அதுல இன்னும் கிளினிக்தான் இருக்கு. ஏன் மாத்தல?"

வாங்கிய முதல் நாளே அந்தப் பக்கம் திரையில் வந்திருக்கிறது. எங்கிருந்து அழைக்கிறீர்கள், உங்கள் பகுதி எண் என்ன என்று கேட்டிருக்கிறது. அவள் அதை அப்படியே மூடிவிட்டாள்.

"எங்க இருக்கேன்னு இதுகிட்ட எதுக்குச் சொல்லணும்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "இது யார்கிட்டச் சொல்லும்?"

கர்ட்டுக்கு அது காதில் விழுந்திருக்க வேண்டும். "யாருகிட்டயும் சொல்லாதுங்க. அது உங்க பெட்டியிலயே கெடக்கும்," என்றார்.

அவள் விரல் பொத்தான்களின் மேல் வெகுநேரம் நின்றது. நிமிஷத்துக்குத் தொண்ணூறு வார்த்தை அடிக்கிறவள், தன் பகுதி எண்ணான இரண்டு, ஒன்று, எட்டு என்பதை அடிக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள். ஒன்பதை அழித்தாள். பிறகு கர்ட்டின் போனை வைத்துவிட்டு, மோடத்தின் ஒலியைத் திறந்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். எண்கள் ஓடின, ஒரு கூச்சல் எழுந்தது, அறிக்கைகள் ஆற்றைக் கடந்து போயின.

அன்றைக்குத்தான் ராய்ஸ் ஹோல்கம் என்ற பெயரை முதன்முதலாகச் சொன்னாள். ஆர்லனிடம் சொல்லலாமா என்று கேட்டேன். சம்மதித்தாள். அவன் தன்னை நெருங்கக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவுக்கு, தன் முகவரி தெரியாதபடி மொன்டானா கோர்ட்டில் எழுதிக்கொடுக்க இன்னும் ஒரு மாதம் பிடித்தது.

கதை இத்தோடு முடிந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த பிப்ரவரியில், ஒரு காலை நேரம், அலுவலகத்தின் சாதாரண எண்ணுக்கு ஓர் அழைப்பு. ஆண் குரல். மரியாதையான, கொஞ்சம் களைத்த குரல்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும் மேடம். என் மனைவி மனசு சரியில்லாம வீட்ட விட்டுப் போயிட்டா. உங்க பக்கம் இருக்கலாம்னு சொன்னாங்க. பேரு ட்வைலா ஹோல்கம். அங்க அப்படி யாராவது..."

பதினோரு வருஷம் பழகிய என் குரல் மாறவில்லை.

"பேர எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க சார்," என்றேன். அவன் சொன்னான். நான் எழுதுவது போல நேரம் கடத்தினேன். "உங்க நம்பர் குடுங்க. ஏதாவது தெரிஞ்சா கூப்பிடறேன்." கொடுத்தான். பகுதி எண்ணோடு, நிறுத்தி நிதானமாக. "ஹோல்கம்னு எங்க கவுண்டியில யாரும் இல்ல சார்."

"கண்டிப்பாவா?"

"இங்க எல்லாரையும் எனக்குத் தெரியும்."

"நன்றி மேடம். உங்க குரல் ரொம்ப அன்பா இருக்கு," என்றான். வைத்துவிட்டான். நான் உடனே ஆர்லனைக் கூப்பிட்டு அந்த எண்ணைக் கொடுத்தேன்.

ஆர்லன் பக்கத்துக் கவுண்டிகளுக்கெல்லாம் அழைத்து விசாரித்தான். எல்லோருக்கும் அதே ஆள் அழைத்திருக்கிறான், அதே வார்த்தைகளோடு. மொன்டானாவிலிருந்து கிழக்கே வரிசையாகக் கவுண்டி கவுண்டியாகப் போன் செய்துகொண்டு வந்திருக்கிறான். எங்களுக்குப் பிறகும் நான்கு கவுண்டிக்கு அழைத்திருக்கிறான். கோர்ட் உத்தரவை வைத்து அவன் ஊர்ப் போலீஸ், அவள் இருக்கும் இடத்தைச் சொல்லாமல், அவனைப் போய்ப் பார்த்தார்கள். அவன் அவர்களுக்கும் காபி போட்டுக் கொடுத்தானாம்.

நான் ட்வைலாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். மறுநாளே மூட்டை கட்டிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் நாடாக் கருவியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். நகத்தைக் கடித்தாள். சன்னல் போர்வையை விலக்கிச் சாலையைப் பார்த்தாள். பனி மட்டும்தான்.

"உங்களுக்கு அப்புறமும் நாலு இடத்துக்குப் பண்ணியிருக்கான்," என்றாள்.

"ஆமா."

"அப்ப அவன் உங்கள நம்பிட்டான்."

"அப்படித்தான் தோணுது."

"அவனுக்குத் தெரிஞ்சிருந்தா கேக்க மாட்டான் மார்லிஸ். வந்து நிப்பான். நான் போகல. போனா மறுபடி ஒரு வீடு, ஒரு பேரு. அங்க போன எடுக்கறதுக்கு உங்கள மாதிரி யாரு இருக்காங்க."

அவள் போகவில்லை. அந்த வீட்டில் இன்னும் ஆறு வருஷம் இருந்தாள். பிறகு கிளினிக்கின் அலுவலகத்திலேயே வேலை கொடுத்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடிபோனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். வரும் வழியில் யாராவது பின்னால் வந்தால் எங்கள் தெருவைத் தாண்டிப் போய், ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் திரும்புவாள். சாப்பாடு ஆறிப்போயிருக்கும். நாங்கள் காத்திருப்போம். ராய்ஸ் அதற்குப் பிறகு அழைக்கவில்லை. எங்கே இருக்கிறான், இருக்கிறானா என்று எங்களுக்குத் தெரியாது.